பின்னால ஒண்ணரைச் சுத்து

அம்மிணி, அந்தப் பையக் கொஞ்சம் அக்கட்டால வெச்சுக்குங்க. இந்தப் பொட்டிமேல சாயப்படாது. முட்ட இல்லீங்க. கண்ணாடிச் சாமானும் இல்ல. கண்டக்டரும் அதையேதான் கேட்டாரு. மேல வைங்கம்மா, மேல வைங்கம்மான்னு ஒரே தொணதொணப்பு. மேல வெச்சா பஸ்ஸு பிரேக்குப் போடறப்ப உருண்டு போயிராது? நான் மடியிலயே வெச்சுக்கறேன்னு கண்டிசனாச் சொல்லிப்போட்டேன். உள்ள காரு இருக்குதுங்க. சிரிக்காதீங்க. ரிமோட்டுல ஓட்டற காரு. பக்கின்னு சொல்றாங்க. திட்டறது இல்லீங்க, அதுக்குப் பேரே அதுதானாமா.

பேரப்பிள்ளைக்கா? எங்கீங்க! எங்கூட்டுக்காரருக்கு. அம்பத்தேழு வயசாகுது அவருக்கு. பல்லடத்துப் பக்கம் மாசம் ரெண்டு நாயித்துக்கிழம பந்தயம் நடக்குது. அவரு வெள்ளனவே டிவிஎஸ்ஸ எடுத்துட்டுப் போயிட்டாரு. இன்னிக்குக் காரு ஓடற தடத்துக்குப் புழுதி அடங்கத் தண்ணி விடற மொற எங்களுது. காரையும் கொண்டு போறேன்னாரு. நாந்தான் குடுக்கல. டிவிஎஸ்ஸுல வெச்சா குலுங்குமுங்க. அங்க போயி அஞ்சடி மேட்டுல இருந்து பறந்து பறந்து விழுகற காருதான், இல்லேங்கல. இருந்தாலும் ரோட்டுல குலுங்கப்படாது. அது வேற.

எனக்கென்னங்க தெரியும் அதப்பத்தி. நான் மாவு மில்லு வெச்சிருக்கறவ. பொள்ளாச்சி மார்க்கெட்டுக்குப் பின்னால, சாந்தாமணி மில்லுன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. முப்பது வருசமா மொளகாயும் மல்லியும் கேவுறும் அரச்சுட்டு இருக்கறேன். ஆனா ஒண்ணு சொல்றேன் அம்மிணி, போன மாசம் எங்கூட்டுக்காரர நாப்பது பேரு முன்னால திருடன்னு சொல்லிப்போட்டாங்க. பம்பு கம்பெனியில இருபத்தெட்டு வருசம் வேல பாத்த மனுசன். ஒரு போல்ட்டு, ஒரு வாசரு வீட்டுக்குக் கொண்டாந்ததில்ல. அவரப் பாத்து அந்த வார்த்த. அதுக்குக் காரணம் யாருன்னு நெனைக்கறீங்க? சரி, நீங்க திருப்பூரு வரைக்கும் போறீங்கல்ல, நேரமிருக்குது. மொதல்ல இருந்து சொல்றேன்.

கம்பெனிய ஒரு நாளு இழுத்து மூடிட்டாங்க. எழுதி வாங்கிட்டு எல்லாத்தையும் தாட்டிவிட்டுட்டாங்க. இவரு ஊட்டுக்கு வந்து உக்காந்தாரு. எப்படி உக்காந்தாருங்கறீங்க? சொவத்தப் பாத்து உக்காந்தாரு. டிவி ஓடும், பாக்க மாட்டாரு. பேப்பரு மடியில கெடக்கும், பிரிக்க மாட்டாரு. ஏனுங், சாப்ட வாங்கன்னா வருவாரு. ஏனுங், போதுங்களான்னா போதும்பாரு. அவ்வளவுதான் எங்களுக்குள்ள பேச்சு. ஒரு நாளு மில்லுல இருந்து வந்து பாக்கறேன், காத்தால எந்த எடத்துல கைய வெச்சிருந்தாரோ அதே எடத்துல கை. எனக்குப் பொக்குன்னு போச்சு.

அப்பறம் என்ற மகளும் மாப்பிள்ளையும் ஆஸ்திரேலியாவுக்குப் போனாங்க. மாப்பிள்ள இந்தக் காரை எங்கூட்டுல வெச்சுட்டு, மாமா இதச் சும்மா ஓட்டிப் பாருங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. இவரு ஓட்டிப் பாத்தாரு. மொட்ட மாடியில ஓட்டுனாரு, தெருவுல ஓட்டுனாரு. எங்கியோ வெசாரிச்சுப் பல்லடத்தையும் கண்டுபுடிச்சுட்டாரு. மறுபடியும் மூஞ்சியில ஒரு களை வந்துச்சு. எனக்கு வேற என்னங்க வேணும்? தூக்குப்போசில தக்காளி சோத்தக் கட்டிக்கிட்டு நானும் ஒட்டுக்கா கெளம்பிருவேன்.

அந்த எடம் தெய்வசிகாமணின்னு ஒருத்தரோட கோழிப்பண்ணைங்க. கோழியில கை சுட்டுக்கிட்டு பண்ணைய மூடிட்டாரு. அப்பறம் அந்தக் காட்டுல மேடும் பள்ளமுமா மண்ணக் கொட்டி, வளைவுக்கு வளைவு பைப்பப் பதிச்சு, தடம் போட்டுட்டாரு. கோழி இருந்த செட்டுலதான் எல்லாரும் மேசையப் போட்டு காரைக் கழட்டி மாட்டுவாங்க. அங்க ஒரு கரும்பலக இருக்குது. முன்ன அதுல தீவனம் எத்தன மூட்டை, கோழி எத்தன செத்துச்சுன்னு எழுதுவாங்களாம். இப்ப அதுக்கு வேற சோலி. எவன் செயிக்கறானோ அவன் தன்ற காருக்கு என்னென்ன வெச்சான்னு அதுல சாக்பீஸுல எழுதிப்போடோணும். ஸ்பிரிங்கு எத்தன சுத்து, எண்ணெய் எந்த நம்பரு, தரையில இருந்து எத்தன ஒசரம், எல்லாம். மத்தவங்க அதப் பாத்து எழுதிக்குவாங்க. செயிச்சவன் மறைக்கப்படாது. மறைச்சா பந்தயச் சங்கத்துல எடமில்ல. தெய்வசிகாமணி அதுல மட்டும் ரொம்பக் கறாரு.

எங்கூட்டுக்காரரு மொத நாலு பந்தயமும் கடேசி. ஓட்டறதுல ஒரு கொறையும் சொல்ல முடியாதுங்க, அவரு கை நல்ல கை. கொற எங்கன்னா, அவரு பம்பு பிட்டரு. எதக் கண்டாலும் இறுக்கோணும். எங்கூட்டுல ஊறுகா பாட்டில அவரு மூடிட்டாருன்னா அப்பறம் தெறக்க ஆளுத் தேடோணும். அதே கையி காருக்கும். ஸ்பிரிங்குக்கு மேல ஒரு வளையம் இருக்குது, அதச் சுத்துனா ஸ்பிரிங்கு இறுகும். கடேசி வரைக்கும் சுத்துவாரு. அந்த ஸ்பிரிங்குக் குழாய்க்குள்ள எண்ணெய் ஊத்தோணும், அதுல இருக்கறதுலயே கெட்டியானத ஊத்துவாரு. பல்சக்கரத்த ஒண்ணோட ஒண்ணு நெருக்கி வெப்பாரு. அப்பறம் காரு என்ன பண்ணும்? மேட்டக் கண்டா தவளையாட்டம் எகிறும், கவுந்து போயி நாலு சக்கரமும் மேல சுத்தும். கவுந்தா நிமித்தி விடறதுக்குன்னு ஒருத்தரு நிப்பாருங்க. இவரு காரு ஓடறப்ப அந்தாளு செருப்பக் கழட்டி வெச்சுட்டுத்தான் நிப்பாரு, அத்தன ஓட்டம்.

நாலாவது பந்தயம் முடிஞ்சு வந்து செட்டுல உக்காந்தாரு பாருங்க, அதே மொகம். சொவத்தப் பாத்த மொகம். என்னால அந்த மொகத்த ரெண்டாம் தடவ பாக்க முடியாதுங்க அம்மிணி. சத்தியமா முடியாது.

அடுத்த சனிக்கிழம. அவரு காத்தால பூரா சாப்பாட்டு மேசையில காரைப் பரப்பி, இறுக்கு இறுக்குன்னு இறுக்கிப்போட்டு, மத்தியானம் சாப்ட்டுட்டுக் கட்டில்ல போயிப் படுத்தாரு. குறட்ட வந்துருச்சு. நான் மேசையத் தொடைக்கலாம்னு காரை ஓரமா நவுத்துனேன். சக்கரம் சுத்துச்சுங்களா, உள்ளயிருந்து ஒரு சத்தம். க்ர்ர்ர்ன்னு. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். மில்லுல ரெண்டு கல்லும் ரொம்ப நெருங்கிருச்சுன்னா அதே சத்தந்தான் வரும், மாவு சூடேறிக் கருகிப் போகும். கை சும்மா இருக்குமா? திருப்புளிய எடுத்துச் சித்தெ தளத்துனேன். எத்தன இடைவெளி வேணும்னு பாக்கோணும்ல, நாள்காட்டியில இருந்து அன்னிக்குத் தாளக் கிழிச்சு ரெண்டு பல்லுக்கும் நடுவுல குடுத்து, இறுக்கிட்டுத் தாள உருவிட்டேன். சத்தம் நின்னுபோச்சு. அப்பறம் இது மட்டும் ஏன் இப்படி வெறப்பா நிக்குதுன்னு ஸ்பிரிங்கு. முன்னால ஒரு சுத்துத் தளத்துனேன், பின்னால ஒண்ணரைச் சுத்து. அப்பறம் அந்த எண்ணெய். அது என்ன, விளக்கெண்ணெயவிடக் கெட்டியா ஊத்தி வெச்சா எப்படீங்க அசையும்? மாப்பிள்ள வெச்சுட்டுப் போன பொட்டியில எளக்கமான புட்டி ஒண்ணு இருந்துச்சு. பழசக் கொட்டிட்டு அத ஊத்தி, குமிழியெல்லாம் மேல வர்ற வரைக்கும் உக்காந்திருந்து மூடுனேன். அவ்வளவுதான். எனக்கென்னங்க தெரியும் அதப்பத்தி.

மக்யா நாளு நாயித்துக்கிழம பந்தயத்துல ரெண்டாவது வந்துட்டாருங்க! ரெண்டாவது! தூக்குப்போசி காலி. எனக்குன்னு வெச்சிருந்ததையும் தின்னுபோட்டாரு. வழி நெடுக வண்டியில பேச்சு. சாந்தா, நான் எத்தன நாளாச் சொல்றேன், இறுக்கோணும், இறுக்குனாத்தான் நிக்கும், இந்த வாரம் இன்னொரு கால் சுத்து எச்சா இறுக்குனேன், பாத்தியான்னாரு. பின்னால உக்காந்துட்டு, ஆமாங்க, ஆமாங்கன்னு வந்தேன். வேற என்ன சொல்றது? கம்பெனி மூடி எட்டு மாசத்துக்கப்பறம் மனுசன் அன்னிக்குத்தான் சிரிச்சாரு.

அப்பறம் அதுவே வழக்கமாயிருச்சு. பந்தயத்துக்கு மொத நாளு காத்தால அவரு இறுக்குவாரு, சாப்புடுவாரு, படுப்பாரு, குறட்ட விடுவாரு. நான் தளத்துவேன். வர வர சித்தெ கூடுதலாவும் பாப்பேன். வெயிலு காஞ்சு தடம் புழுதியா இருக்கும்னா ஒரு மாதிரி, மழ பேஞ்சு மண்ணு இறுகிக் கெடந்தா ஒரு மாதிரி. பந்தயத்தன்னிக்குப் போன ஒடனே அந்த மண்ண ரெண்டு விரல்ல எடுத்துத் தேச்சுப் பாத்துருவேன். மாவு பதம் பாக்கறதுதானுங்க. மண்ணு ஒட்டுதா ஒதுருதான்னு தெரிஞ்சுபோகும். எல்லாரும் சாப்புடப் போறப்ப பேட்டரிய ஒரு நெல்லளவு முன்னப்பின்ன தள்ளி வெச்சுட்டு வந்துருவேன். ஆச, கீசன்னு ஒண்ணும் கெடையாதுங்க. அவருக்காகத்தான். சனிக்கிழம மில்லையே ஒரு மணிக்குச் சாத்திட்டு ஓடியாந்துருவேன், அவருக்காக. கஸ்டமரு வந்து கதவத் தட்டுனா, தட்டட்டும்னு விட்டுருவேன்.

அடுத்த பந்தயம் மொதலாவது. அதுக்கடுத்தது மொதலாவது. எங்கூட்டுக்காரரு சாக்பீஸ எடுத்துட்டுக் கரும்பலகையில எழுதறாரு, ஸ்பிரிங்கு முழு இறுக்கம், எண்ணெய் அம்பது, ஒசரம் இருபத்தாறு மில்லின்னு. அத்தன பேரும் நோட்டுல எழுதிக்கறாங்க. எழுதிட்டுப் போயி அதே மாதிரி வெக்கறாங்க. அப்பறம் கேக்கோணுமா? பண்ணை பூராத் தவளைதான்! ஒரு பந்தயத்துல ஒம்போது காரு கெளம்புச்சு, ஏழு காரு மொத மேட்டுலயே கவுந்துருச்சு. எங்கூட்டுக்காரருது மட்டும் வழுக்கிட்டுப் போற மாதிரி போகுது. எல்லாரும் தங்களுக்குத்தான் ஓட்டத் தெரியலேன்னு நெனச்சுக்கிட்டு இன்னும் இறுக்குனாங்க. நான் தக்காளி சோத்தப் பரிமாறிட்டு வாயத் தெறக்கல. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா நம்ம கவல நமக்கு.

மௌனசாமின்னு ஒருத்தரு. டைல்ஸ் கடை வெச்சிருக்காரு. பேருதான் மௌனசாமி, வாய மூடி நான் பாத்ததில்ல. எங்களுக்கு முன்ன அவருதான் எப்பவும் மொதலு. இவரு வந்ததுக்கப்பறம் ஆறாவது, ஏழாவது. ஏழு மாசம் கரும்பலகையப் பாத்து இறுக்கி இறுக்கி, ஒரு நாளு அவரு காரோட பல்சக்கரம் பொகஞ்சு போச்சு. பொகையோட காரைத் தூக்கிட்டு வந்து எங்கூட்டுக்காரரு மேசையில டம்முன்னு வெச்சாரு. "யோவ், நீ எழுதறது ஒண்ணு, வெக்கறது ஒண்ணு. உன்ற காரை அமுக்கிப் பாத்தேன்யா. வெண்ணெயாட்டம் எறங்குது. அது முழு இறுக்கமா? திருட்டுப் பயலே!"

நாப்பது பேரு நிக்கறாங்க. அவன் அவன் பொண்டாட்டி புள்ளைங்களோட வந்திருக்கான். எங்கூட்டுக்காரரு தன்ற காரைத் துணியில சுத்திப் பொட்டிக்குள்ள வெக்கறாரு.

தெய்வசிகாமணி வந்து பஞ்சாயத்துப் பண்ணுனாரு. நல்ல மனுசன், எடுத்தேன் கவுத்தேன்னு பேச மாட்டாரு. "குழந்தவேலு, அடுத்த பந்தயத்தன்னிக்கு எல்லாரு முன்னாலயும் கரும்பலகையில எழுதுனபடி காரை வெய்யி. வெச்சு ஓட்டு. அதே மாதிரி ஓடுச்சுன்னா மௌனசாமி உன்ற கையப் புடிச்சு மன்னிப்புக் கேக்கோணும். ஓடலேன்னா நீ செயிச்சதெல்லாம் தள்ளுபடி, சங்கத்துக்கும் வரப்படாது. என்ன சொல்றே?" சரிங்கன்னாரு இவரு. அந்த ஒரு வார்த்ததான்.

அந்த ரெண்டு வாரம் நான் பட்ட பாடு இருக்கே! இவரு மறுபடியும் சொவத்தப் பாத்து உக்காந்துட்டாரு. எனக்கு மில்லுல கை ஓடல. ஒரு அம்மாவோட மல்லியில இன்னொரு அம்மாவோட கேவுறக் கொட்டிட்டேன். சொல்லிறலாமான்னு வாய் வரைக்கும் வரும். ஏனுங், நீங்க செயிச்சதெல்லாம் நீங்க வெச்சதுல இல்லீங்க, நான் வெச்சதுலங்கன்னு எப்படீங்க சொல்றது? கம்பெனி போச்சு, இதாச்சும் நம்ம கையில இருக்குதுன்னு இருக்கற மனுசன்கிட்ட அதையும் புடுங்கறதா? சொல்லாம இருந்தா, பாவம், ஒண்ணுந்தெரியாத மனுசன், நாப்பது பேரு முன்னால நம்பி இறுக்குவாரு, காரு கவுந்துரும், காலத்துக்கும் திருடன்னு பேரு. சொன்னாலும் போச்சு, சொல்லாட்டியும் போச்சு. எந்தச் சாமியக் கும்புடறதுன்னுகூட எனக்குத் தெரியலீங்க.

அந்த நாயித்துக்கிழமையும் வந்துச்சு. செட்டுல மேசையச் சுத்தி எல்லாரும் நிக்கறாங்க. தெய்வசிகாமணி கரும்பலகையில இருக்கறத ஒவ்வொண்ணாப் படிக்கறாரு, இவரு ஒவ்வொண்ணா இறுக்கறாரு. கெட்டி எண்ணெய ஊத்துனாரு. பல்சக்கரத்த நெருக்குனாரு. க்ர்ர்ர்ன்னு அந்தச் சத்தம் எனக்கு இங்க, நெஞ்சுக்குள்ள கேக்குது. காரைத் தூக்கிட்டுத் தடத்துக்கு நடந்தாரு. மௌனசாமி சிரிச்சுக்கிட்டே பின்னால போறாரு.

என்ற வாயி எப்படித் தெறந்துச்சுன்னு எனக்கே தெரியாது. "நிறுத்துங்க!"ன்னு கத்திப்போட்டேன். நாப்பது பேரும் திரும்பிப் பாக்கறாங்க. "அவருக்கு ஒண்ணுந்தெரியாது. அவரு இறுக்கித்தான் வெச்சாரு. எழுதுனதும் நெசந்தான். அவரு தூங்குனதுக்கப்பறம் நாந்தான் எல்லாத்தையும் மாத்துனேன். திருடின்னா நாந்தான் திருடி. என்னச் சொல்லுங்க, அவரச் சொல்லாதீங்க"ன்னேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு.

மௌனசாமி விழுந்து விழுந்து சிரிக்கறாரு. "அக்கா, புருசனக் காப்பாத்தறதுக்கு வேற கதையே கெடைக்கலயா? மாவு அரைக்கறவங்களுக்கு இதப்பத்தி என்னக்கா தெரியும்?" எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்தரம்! நானே சொல்லுவேன் எனக்கென்ன தெரியும்னு. அவரு யாரு சொல்றதுக்கு?

தெய்வசிகாமணி சாக்பீஸ எடுத்து என்ற கையில குடுத்தாரு. "அம்மா, நீங்க வெச்சதுன்னா எழுதுங்க."

எழுதுனேன். முன்னால ஒரு சுத்துத் தளத்தி, பின்னால ஒண்ணரைச் சுத்துத் தளத்தி. அதுவரைக்கும் சரி. "எண்ணெய் என்ன நம்பருங்கம்மா?"ன்னாரு. நம்பரு எனக்கெங்கீங்க தெரியும்? அந்தப் புட்டியில ஒட்டியிருந்த தாளே அழிஞ்சு போச்சு. நல்லெண்ணெயவிடக் கெட்டி, விளக்கெண்ணெயவிட எளக்கம்னு சொன்னேன். கொல்லுன்னு சிரிக்கறாங்க. எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு.

அப்ப பின்னால இருந்து ஒரு கொரலு. "முப்பது."

எங்கூட்டுக்காரரு. நான் அத எழுதிப்போட்டேன். "ஒசரம்?" "கட்டவெரலப் படுக்க வெச்சா அடியில தட்டாமப் போகோணும்"ன்னேன். "இருபத்து மூணு மில்லி"ங்கறாரு இவரு. எழுதுனேன். "பல்சக்கரம்?" "நாள்காட்டித் தாளு ஒண்ணு." "ஒண்ணுதான். மழ பேஞ்சா ரெண்டா மடிச்சு வெப்பா"ங்கறாரு.

எனக்கு அப்பத்தாங்க ஒறச்சுது. சாக்பீஸு கையில அப்படியே நிக்குது. திரும்பி அவரப் பாக்கறேன். அவரு தரையப் பாக்கறாரு. மழ பேஞ்சா ரெண்டா மடிப்பேன்னு இவருக்கு எப்படித் தெரியும்?

"குழந்தவேலு, உனக்குத் தெரியுமா?"ன்னு கேக்கறாரு தெய்வசிகாமணி.

"மொத வாரத்துல இருந்தே தெரியுங்க."

மௌனசாமி எகிறுனாரு. "தெரிஞ்சுக்கிட்டேவா ஏழு மாசம் பொய்ய எழுதுனே?"

"பொய்யில்லீங்க. நான் வெச்சது அதுதான். அவ மாத்துனத எழுதியிருந்தா எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சு போயிருக்கும். பந்தயத்துக்குப் பந்தயம் அவ இந்தப் பலகையத்தான் மொதல்ல படிப்பா." அவ்வளவுதான் சொன்னாரு. சொல்லிட்டு மறுபடியும் தரையப் பாத்தாரு.

அப்பறம் என்ன, நான் எழுதுனபடி வெச்சு ஓட்டச் சொன்னாங்க. நானே எல்லாரு முன்னாலயும் வெச்சேன். காரு போச்சு பாருங்க, மேட்டுக்கு மேல ஏறி, பூனையாட்டம் நாலு காலுல எறங்குச்சு. ஒரு பய கிட்ட வர முடியல. செயிச்சதெல்லாம் செயிச்சதுதான்னு சொல்லிட்டாரு தெய்வசிகாமணி. கரும்பலகையில குழந்தவேலுங்கற பேருக்குக் கீழ என்ற பேரையும் எழுதுனாரு. அதெல்லாம் எதுக்குங்க, எனக்குப் புடிக்காதுன்னு சொன்னேன். கொஞ்சம் சின்னதா எழுதிட்டாரு, நானே அழிச்சுட்டுப் பெருசா எழுதிப்போட்டேன். மௌனசாமி எங்க காரு சூடு ஆறறதுக்குள்ள எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிட்டாரு. அவரு பொண்டாட்டிகூட என்றகிட்ட வந்து, எண்ணெயக் காட்டுங்கக்கா, எந்தப் பதம்னு தொட்டுப் பாத்துக்கறேன்னு கேட்டுச்சு.

வர்றப்ப பல்லடத்துல இருந்து சுல்தான்பேட்ட வரைக்கும் பொட்டிய மடியில வெச்சுக்கிட்டு அவரு முதுகையே பாத்துட்டு வந்தேன். சுல்தான்பேட்டையில டீக்கடையில வண்டிய நிறுத்துனாரு. டீய வாங்கிக் கையில குடுத்தாரு. "ஏனுங், எப்படித் தெரிஞ்சுது?"ன்னு கேட்டேன்.

"பந்தயத்துக்கு மொத நாளு மத்தியானமே நாள்காட்டியில நாயித்துக்கிழம வந்துருதே சாந்தா."

"அப்ப அந்தக் குறட்ட?"

"நானா விட்டதுதான். எட்டு மாசமா விட்டு விட்டுத் தொண்டையே புண்ணாப் போச்சு. ஒரு நாளு இருமல் வந்துச்சு, தலகாணிய வாயில வெச்சு அமுக்கிக்கிட்டேன்."

பாத்தீங்களா அம்மிணி? எட்டு மாசம்! கட்டுன பொண்டாட்டிய எட்டு மாசம் ஏமாத்தியிருக்கறாரு! நான் பூனையாட்டம் அடியெடுத்து வெச்சு, திருப்புளி சத்தம் கேக்காம, புட்டி சத்தம் கேக்காம செஞ்சிருக்கறேன். இவரு அங்க முழிச்சுக்கிட்டுப் படுத்துட்டுக் குறட்ட விட்டுக்கிட்டு இருந்திருக்கறாரு. ஒரு பொம்பளய இப்படி முட்டாளாக்கலாமா? நாயமா இது?

என்னங்க? நானா? நான் எங்கீங்க ஏமாத்துனேன்? நான் அவருக்குத் தெரியாமச் செஞ்சேன், அவ்வளவுதான். அது வேற, இது வேற. நல்லா இருக்குதே நீங்க பேசறது!

சரி, அத உடுங்க. ஏன் சொல்லலேன்னு கேட்டனுங்க. அதுக்கு ஒரு பதில் சொன்னாரு பாருங்க. டீயப் பாத்துக்கிட்டே சொல்றாரு: "அன்னிக்கு மொத நாளு நெசமாத்தான் தூங்குனேன். பாட்டுச் சத்தம் கேட்டு முழிச்சேன். யாருடா பாடறதுன்னு எட்டிப் பாத்தா, நீ. குமிழி போறதப் பாத்துக்கிட்டுப் பாடிட்டு இருக்கறே. நம்மளுக்குக் கல்யாணமாகி முப்பது வருசமாச்சு சாந்தா. நீ பாடி நான் கேட்டதே இல்ல. கூப்புட்டா நிறுத்திப்போடுவேன்னு பயந்து மறுபடியும் படுத்துக்கிட்டேன். திருடன்னு சொன்னாச் சொல்லிட்டுப் போகட்டும், சனிக்கிழம போயிறப்படாதுன்னு நெனச்சேன்."

பாட்டாமா! நானாமா! எனக்குப் பாட்டே வராதுங்க. பள்ளிக்கூடத்துலயே என்னக் கடேசி வரிசையில நிக்க வெச்சு, வாய மட்டும் அசைன்னு டீச்சரு சொல்லுவாங்க. கலியாணத்துல நலங்குப் பாட்டுக்கூட நான் பாடுனதில்ல. நீங்க எதையோ கனவு கண்டுட்டுச் சொல்றீங்கன்னு சொல்லிப்போட்டேன். சிரிச்சாரு. மனுசன் பச்சப்பொய்யி சொல்றாரு, நான் என்ன பண்றது?

இப்பெல்லாம் ஒளிவு மறைவு இல்லீங்க. அவரு இறுக்கறதயே விட்டுட்டாரு. நான் மேசையில உக்காந்து செய்யறேன், எதுத்தாப்புல அவரு. நேத்து அப்படித்தான், எண்ணெய ஊத்திட்டு, குமிழி மேல வரட்டும்னு உக்காந்திருந்தேன். அது நிதானமாத்தாங்க வரும், ஒண்ணொண்ணா. சித்த நேரங்கழிச்சு நிமுந்து பாக்கறேன், இவரு நாக்காலியில கண்ண மூடிட்டுச் சாஞ்சிருக்கறாரு. ஏனுங், தூக்கம் வந்தா உள்ள போயிப் படுக்கறதுதானேன்னேன்.

"தூங்கல சாந்தா. நீ ஏன் நிறுத்திட்டே?"ங்கறாரு.

எத நிறுத்துனேன்? கையில எண்ணெய்ப் புட்டி இருந்துச்சு, அது அப்படியேதான் இருந்துச்சு. இந்த மனுசன் சொல்றதுல பாதி எனக்குப் புரியறதே இல்லீங்க.